உப்புக் குறைந்த பனீர்

அன்புள்ள மதுமிதா,

நீ இன்னும் தூங்குகிறாய். தேஹு ரோடு டிப்போவில் வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். எழுப்பிக் கேட்டிருக்கலாம், எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

நைட் ஷிஃப்ட் முடித்து, ஜிம்முக்கும் போய்விட்டு நீ சாப்பிட நான் கட்டித் தருவது ராத்திரிச் சாப்பாடா, காலை டிபனா? உடற்பயிற்சி முடிந்ததும் புரதம் உள்ளே போக வேண்டும் என்கிறார் உன் ஜிம் மாஸ்டர். தூங்கப் போகிறவள் வயிற்றை நிரப்பக் கூடாது என்கிறாள் உன் அக்கா. இரண்டையும் கேட்டுக் குழம்பி, பனீரை எண்ணெயில்லாமல் வாட்டி, முளைகட்டிய பயறும் சேர்த்து வைத்தேன். டப்பா தினமும் காலியாகத் திரும்பி வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று காலை கேட்டில் நம் வாட்ச்மேன், "நமக் தோடா கம், சாப்," என்றார். எதில் உப்புக் குறைவு என்று கேட்டேன். நீ தினமும் அவருக்குக் கொடுக்கும் பனீரில்தானாம்.

சிரிப்பதா, கோபப்படுவதா? அப்படியானால் நீ என்னதான் சாப்பிடுகிறாய்? உன் கன்னம் ஒட்டியிருப்பதை ஜிம்மின் பலன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். பிடிக்கவில்லை என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை? நாம் பேசிக்கொள்ளும் நேரமெல்லாம் யாராவது ஒருவர் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் நேரம்தான், அதனாலா?

இன்றைய டப்பாவில் இந்தக் கடிதம் மட்டும்தான். ஜிம் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வா. நாளை லீவு சொல்லிவிட்டேன். என்ன வேண்டுமென்று நீயே சொல், செய்து தருகிறேன்.

தயவுசெய்து இதையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடாதே.

உப்புப் போடத் தெரியாத
உன் வீட்டுக்காரன்