வெள்ளையடித்த ஏரிப் பாடம்

உன் மேசை இழுப்பறையைக் காலி செய்யச் சொன்னார்கள். திறந்ததுமே வொயிட்னர் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. செத்தும் விடமாட்டாய் போலிருக்கிறது என்று வாய்விட்டே சொன்னேன். உன் இடத்துக்கு வந்திருக்கும் புது டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஆறாம் வகுப்புக்குக் கதை அல்லாத வாசிப்புப் பக்கங்கள் சேர்ப்பது நம் இருவர் வேலை. தேடி அலைந்தது நான். பழைய பேப்பர் கடையில் தூசியைத் தின்று, கரையான் புற்று, தண்டவாள இடைவெளி என்று கட்டுரைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். நீ சாவகாசமாக உட்கார்ந்து, கடினமானதையெல்லாம் வெள்ளையடிப்பாய். கேட்டால், "புள்ளைங்களுக்குப் புரியாதுடி" என்பாய்.

அந்த ஏரிப் பாடத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. மிஞ்சிய நீர் வெளியேறும் 'கலங்கல்' என்ற சொல்லை அழித்து, 'தண்ணீர் போகும் இடம்' என்று எழுதிவைத்தாய். வகுப்பில் ஒருத்தி எழுந்தாள். அவள் வீடு திருநின்றவூர் ஏரியை ஒட்டி.

"இன்னா டீச்சர், கலங்கலத்தானே சொல்றீங்க? எங்க ஊட்டாண்டதான் கீது. மழ வந்தா எங்க தெருவுக்குள்ள மட்டும் ஏன் டீச்சர் தண்ணி வருது?"

மூலத்தில் பதில் அடுத்த பத்தியில் இருந்தது. தாளைப் பார்த்தேன். பத்தி முழுக்க வெள்ளை. எனக்குத் தெரிந்த மட்டும் ஏதோ உளறினேன். அவள் தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வேப்பம்பட்டு பிளாட்பாரத்தில் உன்னிடம் கத்தித் தீர்த்தேன். நீ வேர்க்கடலை தின்றுகொண்டே சொன்னாய்: "படிக்கறப்போ தடுக்கி ஒரு புள்ள எல்லார் முன்னாடியும் அழுதா, நீயா வந்து தேத்துவ? மீதிச் சண்டைய நாளைக்குப் போடலாம். வண்டி வருது பாரு."

மறுநாள் நீ வரவில்லை. மாரடைப்பு என்றார்கள். பாதிச் சண்டையில் எழுந்து போனவளை எப்படி மன்னிப்பது, நீயே சொல். உன் வீட்டில் எல்லாரும் அழுதபோதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கும் அதுதான் வருகிறது.

இழுப்பறையை ஒழித்துவிட்டு, நாளைக்கு வேண்டிய பக்கத்தை எடுத்தேன். கிணற்றில் நீர் ஊறுவது பற்றியது. 'ஊற்றுக்கண்' என்று ஒரு சொல். படிக்கும்போது பிள்ளைகள் தடுக்கிவிடுவார்களே என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் உன் வொயிட்னர் பாட்டில் என் கையில், மூடி திறந்தபடி.

நீ இருந்தவரை அந்தப் பயத்தை நீ சுமந்தாய். நான் தைரியமாகக் கத்திக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் என் தலையில். போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா, பாவி.