ஜசூரின் மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி

ஜசூர் அம்மா,

நீ இப்போதுதான் கண் அசந்தாய், எழுப்ப மனசு வரவில்லை. மாஸ்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆட்டுக்கறி சூப் அடுப்பிலேயே இருக்கிறது, சுடவைத்துக் குடி.

நம் பையனுடைய மீன்கள் மேல் உப்பைத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறது. ஒன்று செத்து மிதந்தது, பாதாமி மரத்தடியில் புதைத்துவிட்டேன். ஹீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. நீல மருந்தைச் சாயங்காலம் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு ஊற்று. புள்ளி மறைந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதே, கிருமி அடியில் கூழாங்கல்லுக்குள் ஒளிந்திருக்கும்.

ரொட்டித் தூளைக் குப்பையில் போடுவது பாவம்தான். அதற்காகத் தொட்டியில் போடாதே, தண்ணீர் கெட்டுப்போகிறது. வாசலில் குருவிக்குப் போடு.

நேற்று இதைத்தான் சொல்ல வந்தேன், வாயில் வேறு வந்துவிட்டது. ஜசூர் ரஷ்யாவுக்குக் கிளம்பும்போது திரும்பி வந்து மிச்சத்தைத் தின்னவேண்டும் என்ற நம் வழக்கப்படி ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டியைக் காட்டி, "அதையும் தூளாக்கித் தொட்டியில போடேன்! ஒரு போனே காணோம், அவன் எங்க வந்து மிச்சத்தத் திங்கப்போறான்?" என்று கத்தினேன். நீ அந்த ரொட்டியைத் தூசு துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினாய். என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அவன் வேலை பார்த்த இடத்துக்கே போய் விசாரிக்கிறேன். மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு ஷோகிரிடம் இருக்கிறது.

பி.கு.: அவன் ரொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு ரொட்டி தொங்கும். கடித்தது நான்தான். நான் மட்டும் தனியாகத் திரும்பி வந்தால், அதை எனக்கு எடுத்துக் கொடுக்காதே.