டிக்கியில் வைத்த ஈரச்சாக்கு

போன வாரம் நம் மகனின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அவன் காரின் எஞ்சினில் ஏதோ ஒரு பாகம் சரியில்லையாம். கொண்டுவந்து விட்டால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கார் கம்பெனியே அனுப்பியிருந்தது. இட்லியைப் பிட்டுக்கொண்டே படித்தான். படித்த கையோடு சிநேகிதனைக் கூப்பிட்டு, "டேய், நாளைக்கு வண்டி தர முடியாது, கம்பெனில விடோணும்" என்றான். அவ்வளவுதான். சிநேகிதனும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. இவ்வளவு எளிதான ஒரு பேச்சு உங்கள் வாயில் வரவேயில்லையே என்று நினைத்தேன். நினைக்க நினைக்க உங்கள் மேல் கோபம் வந்தது. போய்ச் சேர்ந்த மனிதர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்களுக்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. ஏணி, கடப்பாரை, கொப்பரை காயவைக்கிற தார்ப்பாய் என்று எது கேட்டு யார் வந்தாலும், "எடுத்துக்கோங்க" என்பீர்கள். தார்ப்பாய் கிழிந்து திரும்பி வரும். நீங்களே உட்கார்ந்து தைப்பீர்கள். "என்னைய யாராச்சும் கேட்டா என்ன பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "நீ திரும்பி வந்துருவே, அதனால குடுக்கலாம்" என்று சிரித்தீர்கள். உங்களோடு சண்டை போடுவதும் கஷ்டம்.

தொண்ணூறுகளின் கடைசியில், தேங்காய்க்கு நல்ல விலை கிடைத்த வருசம், கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் போய் அந்த வெள்ளைக் காரை எடுத்து வந்தோம். உடுமலைப்பேட்டைப் பக்கம் நம் தோட்டத்துச் சாலையில் அது வந்து நின்றபோது, அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். உங்கள் பெரியப்பா மகன், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மட்டும் வரவில்லை. வாய்க்கால் தகராறில் பேச்சு நின்று பல வருசம் ஆகியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் இருமினால் இந்தப் பக்கம் நீங்கள் சாப்பிடுவதை நிறுத்துவீர்கள். ஆனாலும் பேச மாட்டீர்கள்.

அந்த நிலையில்தான் தபாலில் அந்த அறிவிப்பு வந்தது. முழுக்க இங்கிலீஷ். நான் காலேஜில் படித்த இங்கிலீஷ் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிற ரப்பர் குழாய், சூட்டில் விரிசல் விடுவதாகத் தெரியவந்திருக்கிறது. பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்க வாய்ப்புண்டு. மாற்றும்வரை தூரப் பயணம் வேண்டாம். இதை மிக மரியாதையாக, வருத்தம் தெரிவித்து எழுதியிருந்தார்கள். நான் படித்துச் சொன்னேன். நீங்கள் இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, டவுனுக்குப் போய்க் கார் வாங்கிய இடத்துக்கு போன் செய்தீர்கள். "குழாய் இன்னும் மெட்ராஸ்ல இருந்து வரலீங்க. வந்ததும் சொல்றமுங்க" என்றார்களாம். எப்போது வரும் என்று அழுத்திக் கேட்டீர்களா என்றால், "அவங்களே வருத்தப்பட்டாங்க, அதுக்கு மேல எப்படிக் கேக்கறது?" என்றீர்கள்.

கொஞ்ச நாள் கார் கொட்டகையில் நின்றது. பிறகு ஒரு காலையில் வாசலில் குரல் கேட்டது. "ஏனுங்கம்மணி, தம்பி இருக்கானுங்களா?" உங்கள் அண்ணன், கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, கல்யாணப் பத்திரிகை. மகள் பூங்கொடிக்குக் கல்யாணம், மேட்டுப்பாளையத்தில். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத் தலையோடு ஓடி வந்தீர்கள். இருவரும் வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழை பற்றிப் பேசினீர்கள், தென்னையில் வண்டு விழுந்ததைப் பேசினீர்கள். எழுந்து புறப்படும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பொண்ணு உன்ற கார்லதான் போகோணும். நீதான் ஓட்டோணும்டா." நீங்கள் மறுபடி சின்னப் பையனாகிவிட்டீர்கள். "அதுக்கென்னங்கண்ணா" என்றீர்கள்.

அவர் போனதும் நான் உங்களைப் பிடித்துக்கொண்டேன். காகிதம் வந்ததைச் சொல்லிவிடுங்கள், இன்னும் நாள் இருக்கிறது, வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள் என்றேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இத்தன வருசம் கழிச்சு மொதத்தடவையா ஒண்ணு கேட்டிருக்காரு. வண்டி புதுசு. கோளாறுன்னு சொன்னா யாரு நம்புவா? குடுக்க மனசில்லாம சாக்குச் சொல்றான்னுதான் நெனைப்பாரு." நம் ஊரில் அது உண்மைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். கேட்டதைக் கொடுக்க மனசில்லாதவர்கள் எல்லோரும் சொல்கிற சாக்கு 'கோளாறு'தானே! தினமும் சொன்னேன். தினமும் "நாளைக்குச் சொல்றேன்" என்றீர்கள். அதற்குள் குழாய் வந்துவிடும் என்று நம்பினீர்கள். வரவில்லை.

புறப்படும் நாள், நல்ல வெயில். காருக்கு மல்லிகைச் சரம் சுற்றியாயிற்று. அவர்கள் வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். பூங்கொடி ஏறி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அவள் அம்மா. நான் பலகாரக் கூடையை வைக்க டிக்கியைத் திறந்தேன். உள்ளே நாலைந்து கோணிச்சாக்குகள், தண்ணீரில் நனைத்துப் பிழியாமல் மடித்தபடி கிடந்தன. பக்கத்தில் மணல் நிரப்பிய பக்கெட். நீங்கள் ஓடி வந்து, "அது கெடக்கட்டும், கூடைய முன்னாடி வெச்சுக்கலாம்" என்று டிக்கியை மூடினீர்கள்.

அதுவரை நீங்கள் பயப்படவில்லை என்று நினைத்திருந்தேன். உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. தீப்பிடித்தால் அணைக்கத் தயாராகத்தான் அந்தப் பெண்ணை ஏற்றியிருக்கிறீர்கள். யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்தேன். "பூங்கொடி, எறங்கு கண்ணு. இந்த வண்டி வேண்டாம்."

கல்யாணத்துக்கு ஏறி உட்கார்ந்த பெண்ணை இறங்கச் சொல்கிற அபசகுனத்தை அந்த வாசலில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எஞ்சினில் கோளாறு, தீப்பிடிக்கலாம், கம்பெனிக்காரர்களே எழுதியிருக்கிறார்கள் என்று கடகடவென்று சொன்னேன். உங்கள் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தார். "ஏன்டா, நெசமா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நீங்கள் சொன்னது, "மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாதுங்கண்ணா."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்; நான் சொன்னதெல்லாம் வெறும் சாக்காகிவிட்டது. "காயிதத்த எடுத்துட்டு வாரேனுங்க மாமா" என்றேன் உங்கள் அண்ணனிடம். "வேண்டாமுங்கம்மணி. காயிதமெல்லாம் எதுக்குங்க?" என்றார். என்னிடம் அப்போதும் அந்த 'ங்க' குறையவில்லை. உங்களிடம் திரும்பி, "மனசில்லீன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா. பொண்ணு ஏறி ஒக்காந்ததுக்கப்பறமா ஊட்டுக்காரிய உட்டுச் சொல்றது?" என்றார். பூங்கொடி சொந்தக்காரர்கள் வந்த வேனில் ஏறிப் போனாள். நாம் இருவரும் பொள்ளாச்சி, கோயமுத்தூர் என்று பஸ் மாறி மாறி மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தோம். மண்டபத்தில் எல்லோரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவந்த உங்கள் அண்ணன், உங்களைத் தாண்டிப் போனார். நீங்கள் இலையில் பாயசத்தைத் தொடவில்லை.

குழாய் அடுத்த மாசம் வந்தது. உங்களோடு நானும் கோயமுத்தூருக்கு வந்தேன். மெக்கானிக் பழைய குழாயை வளைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இது எப்ப விரிசல் உடும்னு சொல்ல முடியாதுங்க" என்றான். திரும்பும் வழியில் பொள்ளாச்சியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினீர்கள். அப்புறம், "நல்லாத்தான் இருந்துச்சாம்" என்றீர்கள். "ஆமாங்க" என்றேன். என்னைத் திட்டியிருக்கலாம். செய்தது சரி என்றும் சொல்லியிருக்கலாம். கடைசிவரை இரண்டையும் செய்யவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டால் சோற்றில் வைத்த உங்கள் கை நின்றுபோவது மட்டும் மறுபடி தொடங்கிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போதவில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்தபோது உங்கள் அண்ணன் வந்தார். கூட்டத்தில் தள்ளி நின்றுவிட்டுப் போனார். காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு தனியாகத் தடியை ஊன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் கொடுத்த மோரைக் குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "அம்மணி, அன்னைக்கு நெசமாலுமே அப்படியொரு காயிதம் வந்துச்சுங்களா?"

வந்தது என்றேன். தினமும் சொல்லச் சொன்னதை, நீங்கள் நாளை நாளை என்றதை, ஈரச்சாக்கை, எல்லாவற்றையும் சொன்னேன். "உங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல அவருக்கு வாய் வரலீங்க மாமா. மறுபடியும் பேச்சு நின்னு போயிருமோன்னு பயந்துட்டாருங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காரு ஆருக்குங்க வேணும்? பொண்ணு போறதுக்குப் பேசி வெச்சிருந்த டாக்சியவே வேண்டாம்னுட்டேனுங்க. இவன் ஓட்டுனா, மேட்டுப்பாளையம் வரைக்கும் பக்கத்துல ஒக்காந்து பேசிட்டே போலாம்னுதான் கேட்டேனுங்க."

இதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். உங்களிடம் சொல்லவேண்டியதை என்னிடம் சொன்னார். நான் யாரிடம் சொல்ல? சமையல்கட்டில் நிற்கும்போதும், படுக்கப் போகும்போதும் அதைச் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். உங்களுக்குச் சேரவேண்டிய பேச்சு இது. இத்தனை வருசம் நீங்கள் காத்திருந்தது இதற்குத்தான் என்று எனக்குத் தெரியும்.