மூன்று விரல் தடம்

9.10.2006, திங்கள்

காலையில் எழுந்ததும் முதலில் வேன் சாவியைத் தேடினேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் இல்லை. பீரோ மேல் இல்லை. கைப்பையிலும் இல்லை. பிறகுதான் உறைத்தது. சாவி தொலையவில்லை, யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார், கந்தவேலிடம் இருக்கிறதாம். "கொஞ்ச நாளைக்கு உடு பிரியா." கந்தவேல் என் கொழுந்தன், வேலையாட்களுக்குச் சின்னவர். எங்கள் பனியன் பிரிண்டிங் யூனிட்டில் பாதி அவருடையது. வேன் முழுவதுமே அவருடையது போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை நடந்ததை இங்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் சொல்லிச் சொல்லி அது வேறொன்றாக ஆவதற்குள். பிரிண்ட் போட்ட பீஸ் கட்டுகளைப் பல்லடத்துக் கம்பெனியில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். தூறல். வேகம் நாற்பது. ஒரு வளைவில் மொபெட் ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டியின் முன்பக்கம் என் பேச்சைக் கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை, சுற்றிக்கொண்டு என்னை முந்தப் பார்த்தது. நின்றபோது நான் மறுபடியும் பல்லடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், வண்டி மணல் குவியலில் இடித்துக்கொண்டு.

எனக்கு ஒரு கீறல் இல்லை. பின்னால் இருந்த ராமாயிக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. கட்டு இறக்க என்னோடு வருபவள்.

நேற்று உறவுக்காரர்கள் வந்தார்கள். கந்தவேல் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணிக்கு பிஸிக்ஸ் நல்லாத் தெரியுமுங்க. ரோடுதான் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும்.

10.10.2006

கிட்டுசாமி என்று ஒரு டிரைவர் வந்திருக்கிறார், தாராபுரத்துக்காரர். ஏறியதும் என் சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். பார்த்துக்கொண்டு நின்றேன்.

11.10.2006, புதன்

பஸ் பிடித்து ராமாயியைப் பார்க்கப் போனேன். லைன் வீட்டில் ஒற்றை அறை. கமுதிப் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருடமாக இங்கேதான் இருக்கிறாள். தோளைச் சுற்றிக் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், அதட்டி உட்கார வைத்தேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் விடவில்லை. "நீங்க வெரசா ஓட்டலக்கா. பின்னாடி இருந்த எனக்குத் தெரியாதா?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சின்னவரு ஓட்டுனப்பயும் ஆனி மாசம் ஒருக்கா இப்பிடித்தான் சுத்துச்சு. அன்னைக்கும் மழை, வெறும் வண்டி. யார்ட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னுட்டாரு. நீங்களும் கேட்டுக்கிறாதீகக்கா. எம்பொழப்பு போயிரும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மீதிச் சில்லறையை வாங்காமலே இறங்கிவிட்டேன். கோபத்தில்தான். என்னை வைத்து ஊரைச் சிரிக்கவைத்த மனிதர்!

ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு கேள்வி. இரண்டு தடவையும் மழை. இரண்டு தடவையும் காலி வண்டி. லோடு இருக்கும்போது ஏன் சுற்றவில்லை?

இன்னொன்று. அன்றைக்கு என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதில் என் கைப்பையும் சலான் புத்தகமும் இருந்தன. லோடு ஏற்றுவதற்காகப் பின் சீட்டைக் கழற்றிய நாளிலிருந்து ராமாயி தரையில் சாக்கு விரித்துத்தான் உட்காருவாள். அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

12.10.2006

பின் டயர்களைப் பார்த்தேன். நின்றபடி பார்த்தால் குறையே தெரியாது, ஓரத்தில் பட்டன் வெட்டு ஆழமாக, நன்றாக இருக்கிறது. குனிந்து நடுவில் கையை வைத்தேன். சிலேட்டுப் பலகை மாதிரி வழவழவென்று இருந்தது.

பஞ்சர் கடையில் காற்றை அளக்கச் சொன்னேன். அறுபது பவுண்டு. "சின்னவர் சொல்லி வெச்சதுங்க. லோடு வண்டி, பின்னாடி எப்பவும் அறுபது." வண்டியோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். முழு லோடுக்கே முப்பத்தாறுதான் போட்டிருக்கிறது.

இப்போது புரிகிறது. காற்று மிதமிஞ்சினால் டயர் நடுவில் புடைத்துக்கொள்கிறது. அந்த நடுப்பகுதிதான் ரோட்டைத் தொடுகிறது, அதுதான் தேய்கிறது. லோடு இருந்தால் அமுங்கி ஓரமும் கொஞ்சம் பிடிக்கும். காலி வண்டியில் வழுக்கை மட்டும்தான் தரையில்.

அதோடு ஆயுத பூஜைக்கு வாங்கிய இரண்டு புது டயர்களையும் முன்னால் போட்டார்கள். "திருப்பறது முன்னாடிதானுங்க" என்றார் கந்தவேல். நானும் தலையாட்டினேன். பிஸிக்ஸில் டிகிரி வாங்கியவள்! முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராக ஓடும், பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் சுற்றும். அதை யாராலும் பிடிக்க முடியாது, இருபது வருடம் ஓட்டிய ஆண்பிள்ளையாக இருந்தாலும்.

இவரிடம் சொன்னேன். "சரி, சரி" என்றார். காது கொடுக்காமல் சொல்லும் 'சரி' எது என்று கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாதா.

15.10.2006, ஞாயிறு

சொன்னால் கேட்க மாட்டார்கள். காட்ட வேண்டும்.

யூனிட் லீவு. கிட்டுசாமி வண்டி கழுவ வந்திருந்தார். ஜாக்கி போடச் சொன்னேன். பின் சக்கரத்தைத் தூக்கியதும் டயரில் கறுப்பு இங்க்கைப் பூசினேன், அடியில் வெள்ளை பனியன் துணியை விரித்தேன். அவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்கம்மிணி, டயருக்கு பனியன் தைக்கப் போறீங்களா?"

நான் சிரித்து ஒன்பது நாளாயிற்று.

இறக்கினோம், தூக்கினோம். துணியில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. அதில் ஒரு கோடு இல்லை, ஒரு கட்டம் இல்லை. முன் டயரில் எடுத்தது கை அகலத்துக்கு, வரிவரியாக, புதுச் சேலை பார்டர் மாதிரி விழுந்தது. கிட்டுசாமியின் சிரிப்பு நின்றுவிட்டது. பின் தடத்தின்மேல் மூன்று விரலை வைத்துப் பார்த்தார். "இதை நம்பியா இத்தனை நாள் ஓட்டுனீங்க?"

இரண்டு துணிகளையும் யூனிட்டுக்குள் பீஸ் காயப்போடும் கம்பியில் மாட்டினேன். வாசலுக்கு நேராக.

16.10.2006, திங்கள்

வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். கந்தவேல் பத்து மணிக்கு வந்தார்.

"என்னங்க அண்ணி இது, பொருட்காட்சியா?" கழற்றக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க. காயட்டும்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எது பின் டயர், எது முன் டயர் என்று விளக்கினேன். காற்றைக் குறைத்தால் லோடில் டயர் வெடிக்கும் என்றார். புத்தகத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. "எத்தனை வருசமா ஓட்டறேன். எனக்கு ஒரு நாளும் இப்படி ஆனதில்லீங்க."

ராமாயி சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அவரையே பார்த்தேன். அவர் துணியைப் பார்த்தார்.

அப்போது வாசலில் நின்ற கிட்டுசாமி சொன்னார்: "இந்த டயரோட மழையில நான் வண்டி எடுக்க மாட்டேனுங்க. எம்பட லைசென்ஸ் போயிரும்."

உடனே இவர் எழுந்தார். டயரை மாத்திரலாம், இன்னைக்கே மாத்திரலாம் என்றார். நாலு நாளாக நான் சொன்ன அதே சொல். மீசை வைத்த வாயிலிருந்து வர வேண்டியிருந்தது.

18.10.2006

புது டயர்கள் பின்னால் போய்விட்டன, முன்னால் வேறு இரண்டு வாங்கிப் போட்டாயிற்று. மொட்டையாகிப் போன இரண்டையும் நான் நின்று கத்தியால் கிழிக்கவைத்தேன், வேறு வண்டிக்குப் போய்விடக் கூடாதென்று. காற்று புத்தகத்தில் உள்ளபடி.

சாவி மட்டும் இன்னும் கந்தவேலிடம். டயருக்கு நியாயம் கிடைத்துவிட்டது. எனக்கு?

25.10.2006, புதன்

தீபாவளிக்கு ஊருக்குப் போன கிட்டுசாமி வரவில்லை. அங்கேயே வேலை கிடைத்துவிட்டதாகப் போன் செய்தாராம். பல்லடத்துக்கு எண்ணூறு பீஸ் போக வேண்டும். விடியற்காலையிலிருந்து மழை. கந்தவேல் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாவியை டேபிளில் வைத்தார்.

"எனக்குச் சளி புடிச்சிருக்குதுங்க அண்ணி. நீங்க வேணா போய்ட்டு வாங்க."

தும்மக்கூட இல்லை.

காற்றை அளந்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும்போது அதே வளைவு. பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தேன். வண்டி நேராக நின்றது.

வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். இரண்டு நிமிடம். பிறகு கியரைப் போட்டேன்.

19.11.2006, ஞாயிறு

வாரத்துக்கு நாலு நாள் ஓட்டுகிறேன். பழகிவிட்டது, அவர்களுக்கு.

நாளை ராமாயி வேலைக்கு வருகிறாள். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மத்தியானம் சாப்பிடும்போது இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "கூடப் போயி பீஸ் எண்ணிக் குடுக்கட்டும். பின்னாடி ஒரு சாக்குக்கு ரெண்டு சாக்கா விரிச்சு உட்டர்லாமுங்க" என்றார் கந்தவேல். நல்ல மனதோடுதான் சொன்னார். இவரும் தலையாட்டினார். நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

டயர் வழுக்கியதால் வண்டி சுற்றியது. எலும்பு முறிந்தது அதனால் மட்டும் இல்லை. அவளைத் தரையில் உட்கார வைத்துக் கைப்பையைச் சீட்டில் வைத்தவள் நான். அதற்கு எந்தத் துணியிலும் தடம் எடுத்துக் கந்தவேலிடம் காட்ட முடியாது.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்த பிறகு வேனுக்குப் போனேன். என் பக்கத்து சீட்டின் பெல்ட் அடியில் சுருண்டு கிடந்தது, யாரும் போட்டதே இல்லை. இழுத்துத் தூசியைத் துடைத்தேன். மாட்டிப் பார்த்தேன். பூட்டுகிறது.

நாளை அவள் அங்கேதான் உட்காருவாள். முதலில் மாட்டேன் என்பாள். வாசலில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். கந்தவேல் ஏதாவது சொல்வார், இவர் தொண்டையைச் செருமுவார். சொல்லட்டும், செருமட்டும். அவள் உட்கார்ந்து பெல்ட்டைப் போடும்வரை நான் வண்டியை எடுக்கப் போவதில்லை.