கீழிருந்து வருபவை பாதி

கீழக்கரை
8.6.1998

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று காலை சுபுஹு தொழுதுவிட்டு முதல் வேலையாகக் கத்தரிக்கோலைத் தேடினேன். பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி. வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். நியூட்ரினோவுக்கு எடை இருப்பதாக ஜப்பானில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். நாலு வரியில் என்ன தெரியும்?

போன தடவை ஊருக்கு வந்தபோது என் ஆராய்ச்சி என்னவென்று கேட்டீர்கள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டீர்கள். மறுபடி சொல்கிறேன். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் மேலே காற்றில் மோதும்போது நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் பிறக்கின்றன. கணக்குப்படி வரவேண்டிய அளவுக்கு அவை வந்து சேர்வதில்லை. வழியிலேயே வேறு வகையாக மாறிவிடுகின்றன என்பது ஒரு கட்சி. அப்படி மாற எடை இருந்தாக வேண்டும். எடையும் இல்லை, மாறவும் இல்லை, முதலில் போட்ட கணக்குத்தான் தப்பு என்பது என் கட்சி. கல்லூரியில் பாடம் நடத்திய நேரம் போக, ஆறு வருடமாக எழுதியது இதைத்தான். செய்தி மெய்யானால் என் ஆய்வேடு வெறும் காகிதக் கட்டு.

அடுத்த மாதக் கடைசியில் ஆய்வேட்டை மதுரைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வழக்கமாக எடுத்துத் தருவீர்களே, அதுபோல ஜப்பான்காரர்களின் கட்டுரை வந்ததும் முழுசாகப் பிரிண்ட் எடுத்து அனுப்புங்கள். பார்க்காமல் கொடுக்க மனசு வரவில்லை.

உங்கள்
நூர் நிஷா

ஷார்ஜா
10.7.1998

அன்பு நூருக்கு, சதக் எழுதும் ஸலாம்.

தாமதத்துக்குக் கோபிக்காதே. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரு மாதமாகப் பழுது. ஜப்பான்காரன் இன்றைக்கு ஒன்று சொல்வான், நாளைக்கு இல்லை என்பான். நீ பாட்டுக்குக் கொடுத்துவிடு.

என் பெண்டாட்டி டாக்டராகப் போகிறாள் என்று ரூமில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உச்சிப்புளி மலையாண்டி நேற்று சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். “அண்ணே, டாக்டரம்மாகிட்ட இந்தப் பிடிப்புக்கு ஒரு மாத்திரை கேட்டு எழுதுங்க.”

“ஏலே, அவ பாக்குற நோயாளி பூமியவே துளைச்சுக்கிட்டுப் போறவன். நீ தைலத்தத் தடவிட்டுக் கெட” என்றேன்.

என் ஆபீஸில் வேலை பார்க்கும் அப்துல் அஜீஸ் லீவில் வருகிறான். டாங் ஜூஸ் பவுடர் டப்பா இரண்டும் உனக்கு ஒரு பேனாவும் கொடுத்திருக்கிறேன்.

சதக்

கீழக்கரை
2.8.1998

மச்சானுக்கு,

வியாழக்கிழமை ஐந்து பிரதிகளையும் மதுரையில் கொடுத்துவிட்டேன். நேற்று அப்துல் அஜீஸ் வந்தார். டப்பாக்களை வைத்துவிட்டுக் கேட்டார்:

“லாத்தா, ஜப்பான் பேப்பர் வந்துருச்சா? சதக் காக்கா ரெண்டு நாளா ஆபீஸ் பிரிண்டரு முன்னாடியேதான் நின்னாக. எங்க ஆபீஸ் மலையாளி என்ஜினீயர உக்கார வச்சுத் தாள் தாளாக் கேட்டாக. ‘என்ன காக்கா, நீங்களும் பரிச்ச எழுதப் போறீகளா’ன்னு கேலிகூடப் பண்ணுனேன்.”

“வந்துச்சு தம்பி” என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்துகொண்டேன்.

போனில் கேட்டிருக்கலாம். பூத்தில் என் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். பழுதான கம்ப்யூட்டரிலிருந்து வந்த அந்தத் தாள்கள் எங்கே? அதற்குப் பதில் எழுதுங்கள். டாங் வேண்டாம்.

நூர் நிஷா

ஷார்ஜா
14.8.1998

நூர்,

தாள்கள் இதோடு இருக்கின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை.

என்ஜினீயர் எனக்குச் சொன்னதை எழுதுகிறேன். தலைக்கு மேலிருந்து வருபவை கணக்குப்படி முழுசாக இருக்கின்றனவாம். பூமியின் அந்தப் பக்கத்தில் பிறந்து, கீழிருந்து துளைத்து வருபவைதான் பாதி. கணக்குத் தப்பென்றால் மேலேயும் குறைய வேண்டுமே என்று நானே கேட்டேன். “அதுதான் விஷயம்” என்றார். அன்றைக்கே தாள்களை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

உனக்கு எப்படி எழுதுவது? தூரத்தில் இருப்பவருக்குக் கெட்ட சேதி எழுதக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். உம்மா மவுத்தாகி அடக்கம் செய்த பிறகும் நாற்பது நாள் நீ வாரம் தவறாமல் “மாமி நலம்” என்று எழுதினாய். நான் முழங்கால் பெல்ட் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினேன். வாசலில் உன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஏழு வருடமாகக் கேட்கவில்லை. இப்போதும் கோபத்தில் கேட்கவில்லை. நீ செய்ததைத்தான் நானும் செய்தேன், அவ்வளவுதான். ஆனால் செய்து பார்த்த பிறகுதான் தெரிகிறது, அந்த நாற்பது நாளும் நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்று.

சதக்

கீழக்கரை
26.8.1998

என் அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தை முதலில் படித்தேன். தாள்களைப் பிறகுதான் பிரித்தேன்.

மாமி மவுத்தான அன்று, நீங்கள் லீவு போட்டு ஓடி வந்தால் வேலை போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எழுதியது என் கை. உங்கள் உம்மாவுக்காக அழ வேண்டிய நாற்பது நாளை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். என்னை மன்னியுங்கள். இதை என்றாவது கேட்பீர்கள் என்று ஏழு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். கேட்டுவிட்டீர்கள். இப்போது நன்றாக மூச்சு விட முடிகிறது.

தாள்களையும் படித்து முடித்தேன். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. என் மாணவிகளில் ஒருத்திகூட அதைக் கேட்டிருக்க மாட்டாள். நான் தோற்றுவிட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். கீழிருந்து வருபவை குறைகின்றன என்று நான்கு வருடத்துக்கு முன்பே ஒரு சின்னக் கணக்கெடுப்பு சொன்னது. எண்ணிக்கை போதாது என்று ஒற்றை வரியில் அதை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டேன். அந்தப் பக்கத்தைத் திருத்தும்போதெல்லாம் வேகமாகப் புரட்டுவேன். இனி அப்படிப் புரட்ட வேண்டியதில்லை.

என் ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் வேல்சாமிக்குப் போன் செய்தேன். “யம்மா, தேர்வாளருக்கு இன்னும் அனுப்பல. அனுப்பிருவோம். அவுக பழைய ஆளுக, கையெழுத்துப் போட்டுருவாக. பட்டத்த வாங்கிட்டு அப்புறம் பாப்போம்” என்றார். நல்ல மனிதர். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

யோசித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய் ஐந்து பிரதிகளையும் திரும்ப வாங்கப் போகிறேன். எடை உண்டு என்று வைத்து, முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி எழுதுவேன். நாற்பத்து நான்கு வயதில் இன்னும் நாலு வருடம் ஆகலாம். அவரிடமோ கல்லூரியிலோ நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தக் கட்டு வீட்டுக்கு வந்திருக்கும்.

உங்கள்
நூர் நிஷா