கீழே இறங்கும் படம்

8.7.2025, செவ்வாய்

கச்சான் காற்று உடம்பை வறுக்கிறது. இவர் காலையில் இரண்டு தரம் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, இன்னும் தரவில்லை என்று மூன்றாவதும் கேட்டார். கொடுத்தேன். எனக்கு ஒன்றும் மறக்காது, இவருக்கு ஒன்றும் நிற்காது. இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்திருக்கிறான் றப்பு.

10.7.2025, வியாழன்

பகல் ளுஹர் தொழப் போனவர் திரும்பவில்லை. பள்ளிவாசல் நாலு வீடு தள்ளித்தான். நீலச் சாரன், வெள்ளைச் சேட். கையில் போன் இல்லை. இப்போது மணி ஐந்து.

வாசலில் நின்று பார்த்திருக்கலாம். மீன் வெட்டிக்கொண்டு இருந்துவிட்டேன்.

11.7.2025, வெள்ளி

பொலிஸில் சொல்லியாயிற்று. ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியிலும் சொன்னார்கள். பேத்தி றுக்ஷானா இவருடைய படத்தை ஊர்ச் செய்தி இணையத்தளத்துக்கு அனுப்பினாள். பத்து மணிக்குச் செய்திகளில் முதலாவதாக இருந்தது. இவருடைய முகத்தை அவளுடைய போனின் சின்னக் கண்ணாடிக்குள் பார்த்தேன். பின்னேரம் பார்த்தால் காணவில்லை. விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போய்க் காட்டினாள்.

"ஏன் புள்ள கீழ போட்டிருக்கான்?"

"அவர் போடல்ல உம்மம்மா. புதுசு வந்தா பழசு தானா இறங்கும்."

"அப்ப அந்த அபாயாக் கடைப் படம் மட்டும் காலையில இரிந்து அசையாம நிக்குதே?"

"அது காசு குடுத்து நிப்பாட்டின."

அபாயாவுக்கு மேலே இன்னொன்று நின்றது. ஜனாஸா அறிவித்தல். யார் மௌத்து, எத்தனை மணிக்கு அடக்கம் என்று. அது ஒரு நாள் முழுக்க மேலேதான் நிற்குமாம், ஊர் அதைத்தான் முதலில் பார்க்குமாம்.

12.7.2025, சனி

வாவியில் தோணி விட்டுத் தேடுகிறார்கள். அந்தப் பக்கம் பார்க்க எனக்குப் பயமாயிருக்கிறது. தண்ணீர் இப்போது இடுப்பளவுதான் என்கிறார்கள். எழுபத்தெட்டு வயதுக்கு இடுப்பளவு போதாதா?

படம் பதினேழாவது இடத்தில். பிறகு இருபத்திமூன்று. நான்தான் எண்ணினேன்.

இணையத்தளத்தை நடத்துகிறவன் நளீர். உம்மு குல்தூமின் மகன். நேரில் போய்க் கேளுங்கள் என்கிறாள் றுக்ஷானா. அந்தப் படி ஏறி முப்பத்தாறு வருஷம். உம்மு குல்தூம் இவருடைய சாச்சியின் மகள். 1989 மே மாதம் அவளுடைய தங்கையின் கல்யாணத்துக்கு விடியச் சாமம் எழும்பி வட்டிலப்பம் அவித்துக் கொண்டுபோனேன். எல்லோருடைய தட்டையும் சபையில் வரிசையாக வைத்தவள், என்னுடையதைக் குசினிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். தட்டு திரும்பி வந்தபோது ஒரு துண்டும் வெட்டியிருக்கவில்லை. அவள் அன்று உடுத்த சாரியின் கரை பச்சை. எப்படிப் போவேன்?

13.7.2025, ஞாயிறு

போனேன். படம் நாற்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகும் வீம்பு பிடித்தால் நான் மனிசியா?

உம்மு குல்தூம் கதிரையை இழுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. நளீர் கம்பியூட்டரைத் திறந்து காட்டினான்.

"மாமி, மேல நிக்கிறது ரெண்டே ரெண்டுதான். காசு கட்டின விளம்பரம், இல்லாட்டி ஜனாஸா. விளம்பர இடம் மாசம் முடியுமட்டும் கடைக்காரருக்குக் குடுத்திட்டன். மத்ததெல்லாம் திகதிப்படி இறங்கும்."

"ஜனாஸாவோட சேத்து வை."

"மாமி, அதுக்குள்ள எப்பிடி…"

"எதுக்குள்ள எண்டாலும் போடு மகன். மேல வை. அந்த மனிசன்ட முகம் மேல நிக்கணும்."

உம்மு குல்தூம் சொன்னாள்: "கேக்கிறாடா. வையன்."

தலைப்பில் 'காணவில்லை' என்று கொட்டை எழுத்தில் போடுவதாகச் சொன்னான். வரும்போது, படம் உச்சிக்குப் போய்விட்டது மாமி என்றான். மூன்று நாளைக்குப் பிறகு இன்றுதான் சோறு இறங்கியது.

14.7.2025, திங்கள்

யா அல்லாஹ் நான் என்ன செய்துவிட்டேன்.

விடியச் சுபஹுக்குப் பிறகு பக்கத்து வீட்டு ஆமினா உம்மா அழுதுகொண்டு வந்தாள். பின்னால் நாலைந்து பெண்கள். யாரோ பிளாஸ்டிக் கதிரைகளை இறக்குகிறார்கள். "அடக்கம் எப்பகா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். என்னிடம்!

றுக்ஷானா போனைப் பார்த்துவிட்டு வெளிறிப் போனாள். ஜனாஸாப் பகுதியில் எதைப் போட்டாலும் படத்துக்கு மேலே, மௌத்தானால் சொல்லும் 'இன்னாலில்லாஹி' என்று ஒரு பச்சைப் பட்டி தானாக ஏறிவிடுமாம். நளீர் அதை யோசிக்கவில்லை. கீழே 'காணவில்லை' என்று இருக்கத்தான் இருக்கிறது. பச்சையைக் கண்ட பிறகு யார் கீழே வாசிப்பார்கள்?

தோணிக்காரர் இறங்கவேயில்லை. கிடைத்துவிட்டார் என்று நினைத்தார்களாம். தேடின சனம் எல்லாம் தேடுவதை விட்டுவிட்டது. மௌத்தானவரை யார் தேடுவார்? எங்கேயாவது தெருவில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பார்களா?

நளீருக்குப் போன் எடுத்து ஏசினேன். "உயிரோட இரிக்கிற மனிசன மௌத்தாக்கிட்டியே, படுபாவி." உடனே அழிக்கிறேன் என்றான். பிறகுதான் உறைத்தது, எதுக்குள் என்றாலும் போடு என்று சொன்னது யார்? இந்த வாய்தானே.

உயிரோட இரிக்கிற மனிசன். அப்படித்தான் சொன்னேன். உண்மையா? தெரியா. எனக்குத் தெரியா.

கதிரைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னால் ஆமினா உம்மா கேட்கிறாள், "இரிக்கட்டும்கா, தேவைப்பட்டா?"

15.7.2025, செவ்வாய்

அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

பத்து மணிக்கு ஓட்டமாவடியில் இருந்து போன். றமீஸ் என்று ஒருவர், நம்மூர்ப் பிள்ளை, அங்கே கல்யாணம் முடித்து மனைவி வீட்டோடு இருக்கிறவர். சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்.

"உம்மா, கோவிக்காதீங்க. நேத்து காலையில ஜனாஸாவில ஒரு மூத்தவர்ட படம் பாத்தன். யாரெண்டு தெரியா, துஆ கேட்டுட்டு விட்டுட்டன். அதே முகம் இப்ப என்ட கடையில இரிந்து ரொட்டி தின்னுது."

றுக்ஷானா போனைப் பறித்தாள். ஐந்து நாளாகப் பள்ளியில்தான் படுத்திருக்கிறாராம். மார்க்கம் சொல்ல ஜமாஅத்தில் வந்த வெளியூர்க்காரர் என்று நினைத்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாலிபத்தில் அங்கே அரிசி மில்லில் வேலை செய்தவர். பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போயிருக்கிறார் மனிசன்!

'காணவில்லை' என்ற படத்தை முதலே பார்க்கவில்லையா என்று அவள் கேட்டாள். "ஊர்ச் செய்தியில நான் மேல இரிக்கிற ஜனாஸா மட்டும்தான் தங்கச்சி பாக்கிற. தூரத்தில இரிக்கிறம், வேற என்னத்துக்கு?" என்றாராம்.

நளீர் வானை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கேட்காமலே போனான்.

பின்னேரம் அஸருக்குக் கொண்டுவந்தார்கள். மெலிந்து, உதடு வெடித்து, சேட்டில் குழம்புக் கறை. முற்றத்தில் கதிரைகளைக் கண்டு நின்றுவிட்டார்.

"யாருகா மௌத்து?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப நீ ஏன் அழுறாய்?"

22.7.2025, செவ்வாய்

கேற்றுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. சாவி என் சீலைத் தலைப்பில். முடிச்சு அவிழ்ந்துவிட்டதா என்று மணிக்குப் பத்துத் தரம் தடவிப் பார்க்கிறேன்.

காலையில் நளீர் வந்தான். அவர் கிடைத்த செய்தியைப் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் இன்னும் சனம் துக்கம் கேட்டு வருமாம். "மேல நிப்பாட்டவா மாமி?" என்றான். வேண்டாம் என்றேன். "போட்டிட்டு விடு. தன்பாட்டில இறங்கட்டும்."

இப்போது அபாயாவுக்குக் கீழே, யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்கும் கீழே போய்விட்டது என்கிறாள் றுக்ஷானா. நான் எண்ணவில்லை.

கிணற்றடியில் இருந்து கூப்பிடுகிறார். பாத்திமா, பாத்திமா என்று. அது சின்ன வயதில் மௌத்தான அவருடைய ராத்தா, கூடப் பிறந்த மூத்தவள். என் பெயர் ஆயிஷா என்று போன மாதம் என்றால் கத்தியிருப்பேன்.

வாறன் என்று சொல்லிவிட்டு எழும்புகிறேன்.