வில்லை இல்லாத கூழ்

புதன், கார்த்திகை 3

மழை விட்டது. வானம் இன்னும் சாம்பல். பாவாடை காயவில்லை, ஈரத்தோடே கட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் இல்லை. பாலாற்று வெள்ளத்தில் வீடு போனவர்கள் நேற்று ரயிலில் வந்து எங்கள் வகுப்பறைகளில் தங்கியிருக்கிறார்கள். பூகோளப் படத்தில் பாலாறு நூல் மாதிரி ஒரு நீலக் கோடு. அது சுவரைத் தள்ளும் என்று யார் நினைப்பார்கள்?

அவர்களுக்குக் கூழ் காய்ச்ச, சுரங்கக்காரர்களின் லைன் வீடுகள் எல்லாவற்றிலும் கேழ்வரகு சேர்த்தாயிற்று. விறகு ஈரம். ஊதி ஊதி அம்மாவின் கண் சிவப்பு.

அப்பாவுக்குச் சுரங்கக் குழியின், அதாவது ஷாப்டின், வாசலில் வேலை. சுரங்கத்தில் இறங்குகிறவனுக்கு ஒரு வில்லை கொடுப்பார், ஏறி வந்ததும் வாங்கி ஆணியில் மாட்டுவார். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் இன்னும் கீழே. உடனே தேடப் போவார்கள். பள்ளிக்கூடத்திலும் அதே ஏற்பாடு. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, எண் குத்தி, ஆளுக்கொரு வில்லை. காட்டினால் கூழ். "வில்ல இருந்தா ஒருத்தரும் வுட்டுப்போவ மாட்டாங்க" என்றார் அப்பா. கழுத்தில் மாட்ட நான்தான் கயிறு கோத்தேன். அழகாக வந்தது.

வியாழன்

குளிர்காற்று. கூழ் மிஞ்சிவிட்டது! ஒரு அண்டா அப்படியே. பாதிப் பேர் வரவேயில்லை.

அப்பாவின் கூட்டாளி மாணிக்கம் மாமா: "ரோசக்காரங்கப்பா. நம்ம கூழு எறங்கல போல."

அப்பா அண்டாவை மூடினார். முகம் கடுகடு.

பள்ளிக்கூட வராந்தாக் கோடியில் ஒரு பெண். பெயர் காசியம்மா. மடியில் அவள் மகள் செல்லி, நாலு வயது இருக்கும். நல்ல ஜுரம், உதடு வெடித்திருக்கிறது. வில்லையை நீட்டினேன். பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"வாணாம் பாப்பா. எட்த்துனு போ."

"சாப்பிட்டீங்களா?"

"தண்ணி குட்ச்சோம்."

அம்மாவிடம் சொன்னேன். இப்படியே போனால் குழந்தை தாங்காது என்றாள். புத்தகத்தைத் திறந்தேன். ஒரே வரியை எத்தனை முறை படிப்பது?

வெள்ளி

தூறல். வெறுங்கையோடு போய்க் காசியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே ஆரம்பித்தாள்:

"எங்க வூட்டுக்காரருக்கும் மொதல்ல சோறுதான் போட்டாங்க. அப்பறம் கழுத்துல தகரத்த மாட்டி, கண்டித் தேயிலத் தோட்டத்துக்குனு கப்பலேத்திட்டாங்க. ஆளும் வர்ல, சேதியும் வர்ல. நீங்க சொரங்கப் பள்ளத்துல எறக்குவீங்க. அவ்ளோதானே?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு கிழவர், "எறங்குனா ஏற முடியாதாமே?" என்றார்.

"சாயங்காலம் தண்டவாளத்தப் புட்ச்சுனு நடந்துருவேன்" என்றாள் காசியம்மா. இந்தத் தூறலில்! அந்த ஜுரத்தோடு!

வீட்டுக்கு ஓட்டம். மூச்சு வாங்கச் சொன்னேன்.

அப்பா: "நல்லதுக்குத்தானே செஞ்சேன். வில்ல இல்லாட்டி யாரு தின்னா, தின்னலன்னு எப்டித் தெரியும்? ஒருத்தனே ரெண்டு தபா வாங்குவான்."

அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "ரெண்டு தபா பசிச்சா ரெண்டு தபா தின்னட்டும். இன்னாங்க, உங்க ஷாப்டா இது?"

திண்ணையில் இருந்த மாணிக்கம் மாமா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் ஒரு கோணியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், அத்தனை வில்லையையும் எல்லார் எதிரிலும் அள்ளிப் போட்டார். அம்மாவும் நானும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தோம். அப்பா தரையில் உட்கார்ந்து, ஒரு கொட்டாங்கச்சியை நீட்டி, "எனக்கும் ஊத்து மே" என்றார் அம்மாவிடம்.

குடித்தார். கிழவர் எழுந்து வந்தார். பிறகு ஒரே கூட்டம்.

காசியம்மா அசையவில்லை. அம்மா மோர் விட்டுக் கரைத்த கூழோடு அவளிடம் போனாள்.

"எங்கம்மா ஊரும் ஆத்தோரந்தான். மண்ணு வீடு. எந்தப் பக்கம் நீ?"

காசியம்மா கூழைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "கை ரேக வெக்கணுமா?"

"வாயி வெச்சா போதும்."

காசியம்மாவுக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. விரல் நுனியால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் தடவினாள். செல்லி சப்பினாள். இன்னொரு விரல். இன்னொன்று.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். தண்டவாளத்துக்குப் போகவில்லை. இரண்டு பேரும் தூக்கம். (பயந்துகொண்டேதான் போனேன்.)

சனி

வெயில்! எல்லார் வீட்டுக் கொடியிலும் துணி. செல்லிக்கு ஜுரம் இறங்கிவிட்டது, நெற்றி வேர்த்திருக்கிறது. அடுப்படியில் காசியம்மா கையில் அகப்பை. மாணிக்கம் மாமாவுக்கு வசவு: "இன்னாண்ணா இது, கூழா, மாட்டுக் கழனித்தண்ணியா? அப்பால போ."

மாமா நிஜமாகவே தள்ளி நின்றார்.

ஞாயிறு

கோயில் முடிந்து வரும்போது செல்லி என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தாள். நேராக அடுப்பங்கரை. பானை மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கும் கூழா?"

"அதிகாரத்தப் பாரு!" என்று அம்மா கருவாட்டுச் சட்டியை இறக்கினாள்.